சூடேறும் முன் அணைக்காதே

டிக்கோயா
03.03.2024

தம்பி ஜெரோமி,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் இதைக் கேள். உன் கார் செத்துவிட்டது.

நேற்றுக் காலை சாவியைப் போட்டுத் திருப்பினேன். இரண்டு தரம் இருமியது, அவ்வளவுதான். அப்பா தகரக் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, "தள்ளிப் பாப்பமா?" என்கிறார். அவருடைய முழங்கால் வலிக்கு அவரையே யாராவது தள்ளினால்தான் உண்டு.

நீ மடத்துக்குப் போன அன்று என் கையில் சாவியைத் திணித்து, "வித்துடுங்கக்கா" என்றாய். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. பஸ் ஏறிவிட்டாய். நவசந்நியாசிகளுக்குப் போன் கூடாது என்று அதையும் பண்டாரவளையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இனி உன்னோடு சண்டை போடுவதென்றால்கூட நான் முத்திரை வாங்க வேண்டும்.

உங்கள் மடத்துப் பாதர் றிச்சர்ட் அப்பாவுக்கு எழுதியிருந்தார். செப்டம்பர் பதினான்காம் தேதி, திருச்சிலுவைத் திருவிழா அன்று நீங்கள் எல்லோரும் முதல் துறவற வார்த்தைப்பாடு கொடுக்கப் போகிறீர்களாம். அதற்குள் உன் பெயரில் எந்தச் சொத்தும் இருக்கக்கூடாதாம். உனக்கு இருக்கிற ஒரே சொத்து இந்தக் கார்தான். அப்படியென்றால் இது விலைபோகும்வரை நீ சாமியாராக முடியாது. கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டும்போது, விற்காமலே விட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்லிவிட்டேன். உனக்கு ஒளித்து நான் எதுவும் செய்ததில்லை.

அம்மா போன பிறகு இந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். இப்போது அப்பா, நான், தார்ப்பாய் போர்த்திய ஒரு ஸ்போர்ட்ஸ் கார். மா மூட்டை ஏற்ற இடமில்லை. பின்கதவு ஏறுமாறாகத் திறக்கிறது. தோட்டத்து ரோட்டில் எந்தக் கல்லைக் கண்டாலும் வயிற்றைத் தேய்க்கிறது. இதை எப்படி உயிர்ப்பிப்பது என்று எழுது. செத்த காரை யாரும் வாங்கமாட்டார்கள்.

நீ நலமா? சாப்பாடு எப்படி? குளிருக்குக் கம்பளி போதுமா?

சிசிலி


பண்டாரவளை
12.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

செத்துவிட்டது என்று எழுதினீர்களே, அதை வாசித்த மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அது சாகவில்லை. பெட்டரி இறங்கியிருக்கும். பொன்னையா அண்ணனின் மரக்கறி லொறியைப் பக்கத்தில் நிறுத்தி வயர் கொடுக்கச் சொல்லுங்கள். அப்பாவைத் தள்ள விடாதீர்கள்.

அக்கா, அது மற்றக் கார்களைப் போல இல்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள். மற்ற எஞ்சின்களில் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். இதற்குள் முக்கோணமாக ஒரு ரோட்டர் சுற்றுகிறது. குதிப்பதே கிடையாது. அதனால்தான் அந்த வழுக்கிக்கொண்டு போகிற ஓட்டம். அத்தனை தொல்லைக்கும் காரணம் அதேதான்.

ஒயில் குடிக்கும். அது நோய் இல்லை, அதன் பிறவிக் குணம். பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். நன்றாகச் சூடான பிறகு, ஏற்றத்தில் ஒரு தரமாவது சிவப்புக் கோட்டுக்குக் கிட்டப் போகும்வரை மிதிக்க வேண்டும். பயந்து பயந்து, அடக்கி அடக்கி ஓட்டினால் உள்ளே கரி படிந்துவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. குளிரில் ஸ்டார்ட் செய்தால், சூட்டு முள் மேலே வரும்வரை அணைக்கவே கூடாது. கொட்டகையை விட்டு இரண்டடி வெளியே எடுத்துவிட்டு அணைத்தோம் என்றால் போச்சு. உள்ளே போன பெற்றோல் எரியாமல் தங்கி, பிளக்கெல்லாம் நனைந்து, பிறகு என்ன திருப்பினாலும் பிடிக்காது. அப்படி ஆகிவிட்டால் பயப்பட வேண்டாம். அக்சிலேட்டரைத் தரைவரை மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். அப்போது புதுப் பெற்றோல் போகாது. நனைந்தது மெல்லக் காயும். வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு எழும்பும். புகையைப் பார்த்து ஓடிவிடாதீர்கள்.

விற்கத்தான் வேண்டும். ஆனால் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வருகிறவர் முதலில் பொனட்டில் கை வைத்துப் பார்க்க வேண்டும். நேரே கதவைத் திறந்து சீட்டில் உட்காருகிறவருக்கு வேண்டாம். கொழும்புக்காரருக்கும் வேண்டாம், அங்கே நெரிசலில் நின்றே வெந்துவிடும். கலியாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

கம்பளி போதும். சாப்பாடும் பரவாயில்லை. அப்பாவுக்கு என் முத்தம்.

ஜெரோமி


டிக்கோயா
07.04.2024

தம்பி,

பொன்னையா அண்ணன் வயர் கொடுத்தார். கார் எழும்பியது. முள் மேலே வரும்வரை நான் பக்கத்திலேயே குந்தியிருந்தேன், நோயாளிக்குக் கஞ்சி ஆறுகிறதா என்று பார்க்கிற மாதிரி. வாரத்தில் இரண்டு காலை இதுதான் என் வேலை. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது சேலையில் பெற்றோல் வாடை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், "டீச்சர் லொறில வாறாங்க" என்று பேசிக்கொள்கிறார்கள்.

பெட்டரி ஏன் இறங்கியது என்று கண்டுபிடித்துவிட்டேன். உன் அப்பா. தினமும் பின்னேரம் கொட்டகைக்குள் போய், தார்ப்பாயை விலக்கி, உன் சீட்டைச் சாய்த்துப் போட்டு ரேடியோ கேட்கிறார். செபமாலையும் அங்கேதான். "வீட்டுக்குள்ள செபிச்சா ஆகாதாப்பா?" என்றேன். "இதுக்குள்ள அவன் வாசம் இருக்கும்மா" என்றார். ரேடியோவை நிறுத்திவிட்டுச் செபிக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

வாங்க வந்தவர்களைப் பற்றிக் கேள். நுவரெலியா சீசன் தொடங்கிவிட்டதல்லவா, ரேஸ் பார்க்க வருகிற கூட்டம் இந்தப் பக்கமும் எட்டிப்பார்க்கிறது. ஒருவர் வந்ததும் சீட்டில் உட்கார்ந்தார். அனுப்பிவிட்டேன். வலப்பனையிலிருந்து வந்தவர் பொனட்டில் கை வைத்தார். சரி, நம் ஆள் என்று நினைத்தேன். பிறகு, "இந்த எஞ்சினக் கழட்டி வீசிட்டு வேற ஒண்ணு போட்டா நல்லா ஓடுங்க டீச்சர்" என்றார். அவரையும் அனுப்பிவிட்டேன். கண்டியிலிருந்து ஒரு தம்பதி. அந்தப் பெண்ணுக்கு நிறம் பிடிக்கவில்லை. நானே கதவைச் சாத்தினேன்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நம் வீட்டில் இத்தனை நிபந்தனை போடவில்லை. போட்டிருந்தால் இன்னும் நல்லது. அது கிடக்கட்டும்.

நேராகக் கேட்கிறேன். நீ விற்கச் சொல்கிறாயா, விற்க வேண்டாம் என்கிறாயா? உன் கடிதத்தில் காருக்கு இரண்டு பக்கம். அப்பாவுக்கு ஒரு முத்தம். எனக்கு ஒன்றுமே இல்லை. அடக்கி வைத்தால் கரி படியும் என்று அந்த இரும்புக்குத் தெரிந்திருக்கிறது. ஆறு மாதமாக நான் அடக்கிக்கொண்டிருக்கிறேன், அது உனக்குத் தெரியவில்லை. வீட்டில் இரண்டு உயிரை விட்டுவிட்டுப் போய் எந்த உயிரை நீ இரட்சிக்கப் போகிறாய்?

எழுதிவிட்டேன். கிழிக்கமாட்டேன்.

சிசிலி


பண்டாரவளை
19.04.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை மடித்துப் பைபிளுக்குள் வைத்தேன். திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கமே திறக்கிறது.

பாதர் றிச்சர்ட் நேற்றுக் கூப்பிட்டார். "ஜெரோமி, மற்றப் பிள்ளைகள் தியான நேரத்தில் தூங்குகிறார்கள். நீ மட்டும் காலால் எதையோ மிதிக்கிறாயே, என்ன அது?" என்றார். கீழே பார்த்தேன். வலது கால் தானாக மிதித்துக்கொண்டிருந்தது. ரோட்டில் ஏதாவது கார் வந்தால் அது எந்தக் கியரில் வருகிறதென்று மனம் சொல்கிறது. திவ்விய நற்கருணைக்கு முன்னால் முழந்தாளில் இருந்துகொண்டு, "மடையா, கியரைக் குறை" என்று எவனோ ஒரு டிரைவரைத் திட்டுகிறேன். இப்படிப்பட்டவன் என்ன சாமியார்?

அந்தக் காரை ஏன் வாங்கினேன் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. கொழும்பில் வாகன யார்டில் வேலை செய்த காலத்தில், எஞ்சின் போய்விட்டது என்று மூலையில் போட்டிருந்ததைத்தான் வாங்கினேன். கழற்றிப் பூட்டி ஓட வைத்தேன். முதல் தரம் ஹட்டனுக்குக் கொண்டுவந்த அன்று கினிகத்தேனையில் ஒரு பொலிஸ்காரர் மறித்தார். என் முகத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "மேக காகெத?" என்றார் சிங்களத்தில், இது யாருடையது என்று. தோட்டத்து லயத்தில் பிறந்தவன் மாதிரி இருக்கிறானே, எந்த முதலாளியின் டிரைவரோ என்று நினைத்திருப்பார். "மகே" என்றேன். என்னுடையது. அக்கா, அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காகவே அந்த ரோட்டில் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். மறிக்கமாட்டார்களா என்று மெதுவாகக்கூடப் போயிருக்கிறேன்.

இங்கே என்னிடம் கேட்பது அந்த ஒரு சொல்லைத்தான். இனி எதையும் என்னுடையது என்று சொல்லமாட்டேன் என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் அது எளிதாக இருக்கிறது. மறுநாள் முடியாது என்று தோன்றுகிறது.

விற்றுவிடுங்கள். உண்மையாகவே சொல்கிறேன். கந்தப்பளையில் மதுரன் என்று ஒருவன் இருக்கிறான், மரக்கறி வியாபாரம். நல்ல பிள்ளை. ரொம்ப நாளாக அந்தக் காரைக் கேட்டுக்கொண்டிருந்தான். ரோட்டரி எஞ்சினைப் பற்றி அவனுக்குத் தெரியாது, சொன்னால் கேட்பான். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுங்கள். குளிரில் அணைக்கக்கூடாது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒன்றும் எழுதவில்லை என்கிறீர்கள். என்ன எழுதுவதென்று தெரியாமல்தான் காரைப் பற்றி எழுதுகிறேன்.

ஜெரோமி


டிக்கோயா
09.06.2024

ஜெரோமி,

மதுரன் போன வாரம் தன் அம்மாவோடு வந்தான். ராசம்மா என்று பெயர், அருமையான மனுஷி. ஒரு பை நிறைய லீக்ஸும் கரட்டும் கொண்டுவந்தார்கள். மதுரன் பொனட்டில் கை வைத்தான், குனிந்து அடியைப் பார்த்தான், அப்பாவிடம் அனுமதி கேட்ட பிறகுதான் உட்கார்ந்தான். உன் நிபந்தனை ஒவ்வொன்றிலும் தேறினான். எனக்கு எரிச்சலாக வந்தது.

விலை பேசி முடித்தாயிற்று. இன்று காலை கொண்டுபோக வந்தார்கள். மழை விட்டிருந்தது, ஆனால் மூச்சு விட்டால் புகை தெரிகிற குளிர். ராசம்மா, "பூசை போடாம நம்ம எடத்துக்கு ஏத்தக்கூடாதுங்க" என்றார்கள். அவர்களுடைய வழக்கம், நமக்கென்ன. தோட்டத்து முனியாண்டி கோயில் பூசாரி மாயாண்டியைக் கூட்டிவந்தார்கள். நம் கொட்டகை வாசலிலேயே காருக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, நாலு சில்லுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அப்பாவும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

நான் மதுரனுக்கு ஒயிலைப் பற்றிச் சொல்லியிருந்தேன். சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொல்லியிருந்தேன். நீ கட்டாயம் சொல்லச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தேன், மாயாண்டி மணியடித்தார். பிறகு மணி நின்றது. அப்போதும் சொல்லவில்லை.

"ஏத்துங்க தம்பி" என்றார் மாயாண்டி. மதுரன் ஸ்டார்ட் செய்தான். உருட்டினான். நாலு பழமும் நசுங்கியது. காரின் மூக்கு மட்டும் கொட்டகைக்கு வெளியே வந்தது. "நிப்பாட்டுங்க, சூடம் காட்டணும்" என்றார் பூசாரி. சாமிக்குச் சூடம் காட்டும்போது எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்க அந்தப் பிள்ளைக்கு மனம் வரவில்லை. மரியாதையாக அணைத்துவிட்டு, இறங்கிக் கும்பிட்டான். அவன் கை சாவிக்குப் போனபோது நான் ஜன்னலோரம்தான் நின்றேன். "தம்பி, இருங்க" என்று ஒரு வார்த்தை போதும். அது என் வாயில் இருந்தது. விழுங்கிவிட்டேன்.

பிறகு என்ன, நீ எழுதின மாதிரியேதான். திருப்பினான், திருப்பினான், பிடிக்கவில்லை. பெற்றோல் வாடை வாசலெல்லாம் அடித்தது. அக்சிலேட்டரை மிதித்துப் பிடிக்கச் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. கடைசியில் பெட்டரியும் ஓய்ந்தது. ராசம்மா முகம் வெளுத்துவிட்டது. "முனி ஒத்துக்கலைங்க டீச்சர். பூசைல நின்ன வண்டிய எம்மவன் ஏறி ஓட்ட வேணாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். மதுரன் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனான். இன்றும் கொண்டுவந்த லீக்ஸையும் கரட்டையும் திருப்பி வாங்க மறுத்துவிட்டார்கள். அது இன்னும் குசினியில் இருக்கிறது, சமைக்க மனம் வரவில்லை.

அவர்கள் போனதும் அப்பா என்னைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியும்தானே?" என்றார். உன் கடிதங்களை அவருக்கு வாசித்துக் காட்டுவது நான்தானே. தெரியும் என்றேன்.

செப்டம்பருக்கு இன்னும் காலம் இருக்கிறது. நான் வேறு ஆள் தேடப்போவதில்லை. உன் காரை நீயே வந்து விற்றுக்கொள்.

சிசிலி


பண்டாரவளை
17.06.2024

அக்கா,

உங்கள் கடிதம் வந்த அன்று தேயிலைச் செடிகளுக்கிடையே புல் வெட்டிக்கொண்டிருந்தோம். வாசித்துவிட்டுக் கத்தியைத் தூக்கி எறிந்தேன். பக்கத்தில் நின்ற பிள்ளை பயந்துபோனான். ஒரு நல்ல குடும்பத்தை இப்படிச் செய்ய உங்களுக்கு எப்படி மனம் வந்தது? எத்தனை தரம் படித்துப் படித்து எழுதினேன்? அந்த அம்மா இனி அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் தன் சாமி கைவிட்டதாக அல்லவா நினைப்பார்கள்?

அன்று பின்னேரம்வரை இந்தக் கோபம் இருந்தது. செபத்துக்குப் போய் உட்கார்ந்ததும் அது இறங்கியது. அடியில் வேறொன்று கிடந்தது. சந்தோஷம். கார் போகவில்லை, இன்னும் நம் கொட்டகையில்தான் நிற்கிறது என்ற சந்தோஷம். எனக்குப் பயமாகிவிட்டது, அக்கா. கடவுளுக்கு என்னைக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனால் ஒரு கார் விலைபோகாததற்கு உள்ளுக்குள் கூத்தாடுகிறேன். இது ஏமாற்று வேலை.

பையைக் கட்டிவிட்டேன். கட்டிலுக்கடியில் இருக்கிறது. பாதர் றிச்சர்டிடம் இந்த மாதக் கடைசியில் சொல்லலாம் என்றிருக்கிறேன். வந்துவிடுகிறேன். நீங்களும் அதைத்தானே கேட்கிறீர்கள்? பிளக்கைக் கழற்றித் துடைத்து நானே எழுப்புகிறேன். அதுவரை யாரும் சாவியைத் தொட வேண்டாம்.

ஜெரோமி


டிக்கோயா
24.06.2024

ஜெரோமி,

வராதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் அழுதேன், சந்தோஷத்தில். அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா சீட்டைச் சாய்த்துப் போட்டுப் படுத்திருந்தார். எழும்பக்கூட இல்லை. "வண்டிக்கா வாறான், நமக்கா?" என்றார். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

நான் நினைத்துப் பார்த்தேன். நீ கீபோர்ட் படிக்கப் போனாய், இரண்டு பாட்டோடு விட்டாய். ஆசிரியர் கலாசாலைக்குப் போனாய், விட்டாய். கொழும்பு வேலை, விட்டாய். கலியாணப் பேச்சு வந்தது, தேதி குறிக்கும்வரை சிரித்துக்கொண்டிருந்துவிட்டு விட்டாய். எதையும் நீ சூடேற விட்டதில்லை, தம்பி. இரண்டடி உருட்டிவிட்டு அணைத்துவிடுவாய். பிறகு, பிடிக்கவில்லை, பிடிக்கவில்லை என்பாய். எனக்குக் காரைப் பற்றி இத்தனை படித்துப் படித்துச் சொன்னாயே, அதை ஒரு தரமாவது உனக்குச் சொல்லிக்கொண்டாயா?

நான் யோக்கியமில்லை. அந்தக் காரைப் பிடித்து வைத்திருந்தால் உன்னைப் பிடித்து வைத்திருக்கலாம் என்று நினைத்தேன். நீ வந்தால் நான் வாயை மூடிக்கொண்டு நின்றதால் வருவாய். அப்படி வந்த தம்பியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து என்னால் சோறு தின்ன முடியாது. நீ அங்கே இருக்க முடியாமல் வந்தால் வா. கதவு எப்போதும் திறந்துதான் இருக்கிறது. ஆனால் அந்த முள் மேலே வரும்வரை இருந்து பார்த்துவிட்டு வா.

சனிக்கிழமை பொன்னையா அண்ணனோடு கந்தப்பளைக்குப் போனேன். ராசம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முனிக்கு அதில் பங்கில்லை, வாயை மூடிக்கொண்டு நின்றது நான்தான் என்று சொன்னேன். அவர்கள் எழும்பிப் போய் அடுப்பில் கேத்தலை வைத்தார்கள். பிறகு, "தம்பிய விட்டுட்டு இருக்க முடியலன்னு சொல்லியிருந்தா நாங்களே கேட்டிருக்கமாட்டோமே" என்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள். மதுரனுக்குக் கோபம் தீரவில்லை. தீர வேண்டியதுமில்லை.

சாவியைத் தொட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். நீ எழுதுவதற்கு முன்பே தொட்டுவிட்டேன். பொன்னையா அண்ணன் வயர் கொடுத்தார். அக்சிலேட்டரைத் தரைவரை மிதித்துப் பிடித்துத் திருப்பினேன். முக்கி முக்கி, கடைசியில் பிடித்தது. வந்த வெள்ளைப் புகையில் அப்பா காணாமல் போய்விட்டார். இருமுகிற சத்தத்தை வைத்துத்தான் தேடினேன். முள் மேலே வந்தது. அணைக்க மனம் வரவில்லை. எனக்கும் லைசன்ஸ் இருக்கிறதல்லவா, எடுத்து ஆறு வருஷமாக அலுமாரியில் கிடந்தது. அப்பாவை ஏற்றிக்கொண்டு நோர்வூட் வரை போய்வந்தேன். ஏற்றத்தில் மிதித்தேன், சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சத்தம் போட்டது. அப்பா, "அம்மாடி" என்று கதவைப் பிடித்துக்கொண்டார். நான் சிரித்தேன். நான் அப்படிச் சிரித்து எத்தனை காலம் என்று அப்பா பிறகு சொன்னார்.

பையை அவிழ்.

சிசிலி


பண்டாரவளை
10.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ரொம்ப நாள் எழுதவில்லை. கோபமில்லை. கீபோர்டை இழுத்தது மட்டும் அநியாயம், அந்த மாஸ்டர் ஊரைவிட்டே போய்விட்டார். மற்றதெல்லாம் சரி.

பாதர் றிச்சர்டிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு, "நான் ஒரு வருஷம் செய்ய வேண்டிய வேலையை உன் அக்கா ஒரு பக்கத்தில் செய்திருக்கிறாள்" என்றார். பிறகு, யாருக்காவது விற்கத்தான் வேண்டும் என்று முறை இல்லை, கொடுக்கவும் செய்யலாம் என்றார். இதோடு உரிமை மாற்றும் பத்திரம் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் பெயருக்கு. கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். அந்த இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது.

பை இன்னும் கட்டிலுக்கடியில்தான் இருக்கிறது. பாதியை அவிழ்த்துவிட்டேன். பாதி அப்படியே கிடக்கிறது. பொய் சொல்லமாட்டேன். நான் இல்லாமல் நீங்களும் அப்பாவும் என்ன ஆவீர்கள் என்பது மட்டும் ஓயவில்லை. ஒரு நாள் அதைச் செபம் என்று நினைக்கிறேன். இன்னொரு நாள் சாக்கு என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் பதினான்குக்கு நீங்கள் இரண்டு பேரும் வர வேண்டும். தயவுசெய்து பஸ்ஸில் வாருங்கள். நுவரெலியாவில் மாறி, வெலிமடையில் மாறி வரலாம், அல்லது ரயிலில் வாருங்கள். காரில் வேண்டாம். நோர்வூட் போய்வருவது வேறு, இது வேறு. இங்கே மடத்துக்கு ஏறுகிற கடைசி வளைவு சரியான செங்குத்து, வான்காரர்களே நின்று யோசிப்பார்கள். நீங்கள் வழியில் நின்றுவிட்டீர்களோ என்று நினைத்துக்கொண்டு என்னால் பீடத்துக்கு முன்னால் நிற்க முடியாது.

ஜெரோமி


டிக்கோயா
01.09.2024

தம்பி ஜெரோமி,

பத்திரம் கிடைத்தது. கோணல்தான், ஆனால் உன் கையெழுத்து எப்போது நேராக இருந்தது.

வருகிறோம். எதில் வருவோம் என்று நீ தலையை உடைத்துக்கொள்ளாதே. உன் பையைப் பற்றி மட்டும் யோசி. அப்பாவுக்குப் புதுச் சேர்ட் எடுத்தாயிற்று, இப்போதே போட்டுக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறார். நீ வேண்டாமென்று வீட்டுக்கு வந்தாலும் அந்தச் சேர்ட் அவருக்குப் பொருந்தும். அதையும் எழுதச் சொன்னார்.

சிசிலி


பண்டாரவளை
16.09.2024

என் அன்பு அக்காவுக்கு,

அன்றைக்குக் கூட்டத்தில் சொல்ல முடியவில்லை. கேக் வெட்டுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், நீங்களும் வந்ததிலிருந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தீர்கள். அதனால் எழுதுகிறேன்.

காலையில் நாங்கள் வரிசையாகக் கோயிலுக்குள் நின்றோம். உங்களுக்காக வைத்த இரண்டு இடமும் காலி. பை கட்டிலுக்கடியில், இன்னும் பாதி கட்டினபடி. பாட்டுத் தொடங்கியது. பஸ் தவறியிருக்கும், அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருக்கும், நான் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. பெயர் கூப்பிட்டால், இல்லை என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

அப்போதுதான் கீழே ரோட்டில் அந்தச் சத்தம் கேட்டது. உலகத்தில் எந்தக் கூட்டத்திலும் அதை எனக்குத் தெரியும். முதலில் பயந்தேன். கண்ணை மூடிக் கேட்டேன். எஞ்சின் நல்ல சூட்டில் இருந்தது. திணறவில்லை. கடைசி வளைவு வந்தது. இப்போது கியரைக் குறைக்க வேண்டும், இப்போது, என்று என் கால் தானாக அசைந்தது. அது அசைவதற்கு முன்பே நீங்கள் குறைத்துவிட்டீர்கள். பிறகு மிதித்தீர்கள், சிவப்புக் கோட்டுக்குக் கிட்ட. கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பாதர் றிச்சர்ட் மட்டும் என்னைப் பார்த்தார்.

அக்கா, நான் சொல்லிக்கொடுக்காததை நீங்கள் செய்தீர்கள். நான் ஓட்டியிருந்தால்கூட அந்த வளைவில் கொஞ்சம் பிந்தித்தான் குறைத்திருப்பேன். நான் இல்லாமல் நீங்கள் என்ன ஆவீர்கள் என்று ஒரு வருஷமாக என்னைத் தின்றுகொண்டிருந்த கேள்விக்கு அந்த ஏற்றத்தில் பதில் கிடைத்துவிட்டது. சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அப்பாவின் இருமல். அதற்குப் பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். "இதோ வருகிறேன்" என்றேன். குரல் நடுங்கவில்லை.

பையை அன்று பின்னேரம் அவிழ்த்து, சாமான் அறையில் கொடுத்துவிட்டேன்.

திரும்பிப் போகும்போது ஒயில் பார்த்தீர்களா?

உங்கள் தம்பி
ஜெரோமி


டிக்கோயா
22.09.2024

என் தம்பிக்கு,

ஒயில் பார்த்தேன். வெலிமடையில் ஊற்றினேன். இனி அதைப் பற்றி நீ கேட்கத் தேவையில்லை, கேட்டாலும் சொல்வேன்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. உன் இடத்தில் தட்டு வைக்கிற பழக்கத்தை விடவில்லை. இதையெல்லாம் ஒளித்துவிட்டு, நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று எழுத எனக்கு வராது. வலிக்கிறது. ஆனால் கரி படியவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவை ஏற்றிக்கொண்டு எங்கேயாவது போய்வருகிறோம்.

உனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அன்று திரும்பி வரும்போது நானுஓயாவுக்குக் கிட்டப் பொலிஸ் மறித்தது. மழைத் தூறல். அப்பா பக்கத்துச் சீட்டில், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பொலிஸ்காரர் டோர்ச்சை என் முகத்தில் அடித்தார். என் சேலையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "மேக காகெத?" என்றார்.

எத்தனையோ தரம் நீ சொன்ன சொல், நீ விட்டுக்கொடுத்த சொல்.

"மகே" என்றேன்.

எஞ்சினை அணைக்கச் சொன்னார். நன்றாகச் சூடாகத்தான் இருந்தது, அணைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் நான் அணைக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, போகச் சொன்னார்.

சிசிலி